ஐம்பத்தெட்டுக்குக் கீழே கொடுக்காதே

ராபர்ட்சன்பேட்டை,
5 ஜூலை 2020

அன்புள்ள வீணா,

ஒரு வழியாக வந்து சேர்ந்தோம். பங்காரப்பேட்டை தாண்டியதும் வேன் பஞ்சர். நட்ட நடு ரோட்டில் பீரோவும் கட்டிலும் ஊருக்கே காட்சி. போகிறவர்கள் எல்லாம் வண்டியை மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பாப்பா வேனை விட்டு இறங்கவே இல்லை.

ஏன் போன் பண்ணவே மாட்டேன் என்கிறாய் என்று கேட்டிருந்தாய். இந்த வீட்டில் பேச இடமில்லை. நான் ஹலோ என்றால் மூன்று பேர் நிமிர்ந்து பார்க்கிறார்கள். என் போனும் இப்போது என்னுடையதில்லை. காலையில் பாப்பாவின் வகுப்புக்குப் போய்விடுகிறது, மதியத்துக்கு மேல் சாமுவேலிடம். அவர் போனை கம்பெனிக்காரர்கள் லேப்டாப்போடு சேர்த்து வாங்கிக்கொண்டார்களே. வேலையை விட்டு எடுத்ததைக்கூட ஒரு பெண் கேமராவை ஆன் பண்ணாமல் வாசித்தாளாம். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஆகவே எழுதுகிறேன். தபால்காரர் இன்னும் வருகிறார்.

மாமியார் அன்னம்மாளைப் பற்றி நான் சொல்லி உனக்குத் தெரியவேண்டியதில்லை. முதல் நாளே, "ஏழாவது மாடியில குடியிருந்தவ, இங்க தரையில பாய் போட்டுப் படுக்கறா. கர்த்தர் இறக்கி விட்டுட்டார்" என்று பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னார். எனக்குக் கேட்கும்படிதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வைட்ஃபீல்ட் வீட்டை விற்றுவிடலாம் என்று சாமுவேல் ஒரே பிடியாக நிற்கிறார். ஆகஸ்ட் வரை வங்கி தவணை கேட்காது, அதற்குள் கை கழுவிவிடலாம் என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்த நாளில் நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து வீடு வாங்குவோம் என்று பேசியது நிஜமானது ஒன்றுதான் என் வாழ்க்கையில் நடந்த அதிசயம். அதை விற்றுவிட்டு எங்கே போவேன்?

வீட்டுக்கடன் கம்பெனியில் உட்கார்ந்திருப்பவள் நீ. எந்த ஃபிளாட் என்ன விலைக்குக் கைமாறினாலும் ஃபைல் உன் மேஜையைத் தாண்டித்தான் போகும். மாதம் ஒரு முறையாவது நிலவரம் எழுது. நீ வில் என்றால் விற்கிறேன், இரு என்றால் இருக்கிறேன். சாவி உன்னிடம்தான் இருக்கிறது. யாராவது பார்க்க வந்தால் திறந்து காட்டு.

உன்னையே நம்பியிருக்கும்,
ரஞ்சி


வைட்ஃபீல்ட்,
19 ஜூலை 2020

என் ரஞ்சிக்கு,

கடிதம் கிடைத்தது. நீ போன பிறகு ஏழாவது மாடி ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி கிடக்கிறது. அதிதி இரண்டு முறை பழக்கத்தில் உன் வீட்டு காலிங் பெல்லை அடித்துவிட்டு வந்தாள்.

நிலவரம் கேட்டாய். சொல்லவே வாய் வரவில்லை. ஹோப் ஃபார்மிலிருந்து காடுகோடி வரை டு-லெட் பலகைகள்தான். ஒரே கேட்டில் மூன்று, ஒன்றன்மேல் ஒன்று. பி.ஜி. விடுதிக்காரர்கள் கட்டிலைத் தெருவில் போட்டு வந்த விலைக்குக் கொடுக்கிறார்கள். பையன்கள், பெண்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். இங்கே இருந்து செய்கிற வேலையை ஊரிலிருந்தே செய்யலாம் என்று ஆகிவிட்டதே. நம் இரண்டாவது மாடி ராஜேந்திரன் சார் இருபத்திரண்டாயிரம் வாடகைக்கு விட்டிருந்த வீட்டை இப்போது பதினான்குக்குக் கேட்கிறார்களாம். ஆகவே உன் வீட்டை வாடகைக்கு விட்டுத் தவணை கட்டலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடு.

விற்பனையும் அப்படித்தான். என் மேஜைக்கு வருகிற ஃபைல் பாதியாகிவிட்டது. வருகிறதிலும், கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்பவர்கள்தான் அதிகம்.

ஆனால் ஒரு நல்ல காரியம் நடந்தது. போன ஞாயிறு குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் கீழே கார் நிறுத்துமிடத்தில் கூடினோம். யாரும் ஐம்பத்தெட்டு லட்சத்துக்குக் கீழே கொடுப்பதில்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டோம். ராஜேந்திரன் சார்தான் பேசினார். "ஒருத்தர் அவசரப்பட்டு இறக்கிட்டா அப்புறம் அதான் நம்ம எல்லாருக்கும் ரேட்டு. வாங்க வர்றவன் அந்தப் பத்திரத்தைத்தான் முன்னால எடுத்து வைப்பான்" என்றார். உனக்கும் சேர்த்து நான்தான் கை தூக்கினேன்.

இப்போது விற்காதே. தீபாவளிக்கு மேல் அசைவு தெரியும் என்பது என் கணிப்பு. உமேஷுக்கு வீட்டிலிருந்தே வேலை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருகிறார். பாப்பாவுக்கு என் முத்தம்.

உன்,
வீணா


ராபர்ட்சன்பேட்டை,
23 ஆகஸ்ட் 2020

அன்புள்ள வீணா,

உன் சொல்லைக் காப்பாற்ற நான் பட்ட பாட்டைக் கேள்.

புரோக்கர் கோதண்டராமன் இவரை அழைத்திருக்கிறார். தும்கூரிலிருந்து ஒரு பார்ட்டி, ரொக்கம் கையில், ஐம்பத்தைந்துக்கு உடனே முடித்துக்கொள்வார்களாம். இவர் சந்தோஷத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டு எனக்கும் கேட்க வைத்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். போனை வைத்ததும் பிடித்துக்கொண்டார்.

"வர்ற லட்சுமிய வாசல்லயே நிக்க வெச்சுத் திருப்பி அனுப்பற."

"மூணு லட்சம் விட்டுக் குடுக்கணுமா? எல்லாரும் சேர்ந்து பேசி வெச்சிருக்காங்க. வீணா சொல்லியிருக்கா."

"உன் புருஷன் யாரு, நானா வீணாவா?"

மாமியார் முன்னால் கேட்டார். அன்றிலிருந்து சோற்றைத் தட்டில் போட்டு வைத்தால் எடுத்துச் சாப்பிடுகிறார், என்னிடம் பேசுவதில்லை. கோதண்டராமனிடம் நானே பேசி, முடியாது என்று சொல்லிவிட்டேன். தும்கூர்க்காரர்கள் பாணஸ்வாடி பக்கம் வேறு வீடு பார்த்துவிட்டார்களாம்.

வங்கி செப்டம்பரிலிருந்து தவணை கேட்கும். கட்டாத மாதங்களுக்கு வட்டியும் ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு என் வளையல்கள் தாங்கும். அதற்குள் நீ நல்ல பார்ட்டியாகப் பிடித்துக் கொடு. இனிமேல் நான் விற்க மாட்டேன் என்று சொல்லப்போவதில்லை. பேசியபடி ஐம்பத்தெட்டு வந்தால் போதும். இந்த வீட்டில் தலை நிமிர்ந்து ஒரு டம்ளர் காபி குடிப்பேன்.

உடனே பதில் போடு.

ரஞ்சி


வைட்ஃபீல்ட்,
13 செப்டம்பர் 2020

அன்புள்ள ரஞ்சிக்கு,

நீ செய்ததுதான் சரி. சாமுவேல் கோபப்படுவார், பிறகு அவரே உன்னை மெச்சிக்கொள்வார். ஆண்களுக்கு வேலை போனால் எதையாவது விற்றால்தான் ஏதோ செய்ததுபோல் இருக்கிறது.

சந்தோஷச் செய்தி. நேற்று ஒரு டாக்டர் தம்பதி வந்தார்கள். இங்கே பக்கத்து ஆஸ்பத்திரியில் இருவருக்கும் வேலை. உன் வீட்டைத் திறந்து காட்டினேன். அந்தம்மா பால்கனியிலேயே வெகு நேரம் நின்றார். நீ வைத்துவிட்டுப் போன அலமாரியைத் திறந்து பார்த்து, இதையும் சேர்த்துக் கொடுப்பீர்களா என்று கேட்டார். ஐம்பத்தெட்டு என்றேன். முகம் மாறவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று போயிருக்கிறார்கள்.

அவர்களை என்னிடம் விட்டுவிடு. கோதண்டராமனிடம் மூச்சு விடாதே, நடுவில் புகுந்து கமிஷன் கேட்பான். சாமுவேலிடமும் யாரையும் அழைக்க வேண்டாம் என்று சொல். நாம் அவசரப்படுகிறோம் என்று தெரிந்தால் விலையை அடித்துவிடுவார்கள். ஒரு மாதம் பொறு.

நிலவரம் முன்போலத்தான். சொல்லும்படி ஒன்றும் இல்லை.

வீணா


ராபர்ட்சன்பேட்டை,
11 அக்டோபர் 2020

அன்புள்ள வீணா,

ஒரு மாதம் பொறுத்துவிட்டேன். டாக்டர் வீட்டுக்காரர்கள் என்ன சொன்னார்கள்?

சாமுவேல் ஆண்டர்சன்பேட்டையில் முட்டை மண்டி வண்டி ஓட்டப் போகிறார். யாரிடமும் சொல்லாதே. அவர் தங்கையிடம்கூட ஏதோ கம்பெனியில் வேலை என்றுதான் சொல்லியிருக்கிறார். மதியம் வந்தால் சட்டையெல்லாம் வைக்கோல். முதல் நாள் வந்து, உடைந்துபோன முட்டைகளை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் வெங்காயம் அரிந்து பொரியல் செய்தேன். எல்லாரும் சாப்பிட்டோம்.

வங்கியிலிருந்து ஒரு பையன் தினமும் அழைக்கிறான். பாப்பாவின் வகுப்பு நடக்கும்போதுதான் அழைக்கிறான். "மிஸ், எங்க லோன் அங்கிள் கூப்பிடறாங்க, நான் வெளிய போயிட்டு வர்றேன்" என்று வகுப்பில் சொல்லியிருக்கிறாள். எனக்கு உயிரே போய்விட்டது.

அவர்கள் ஐம்பத்தாறு என்றாலும் சரி என்று சொல்லிவிடு. சங்கத்துக்காரர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ரஞ்சி


ராபர்ட்சன்பேட்டை,
15 நவம்பர் 2020

வீணா,

நீ போனை எடுக்கவில்லை. கடிதத்துக்கும் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? காலம் கெட்டுக் கிடக்கிறது, எனக்கு எதையெதையோ நினைக்கத் தோன்றுகிறது. நேற்று தீபாவளிக்கு உன் வீட்டு அதிரசம் வராத முதல் வருஷம்.

வீட்டு விஷயம் கிடக்கட்டும். நலம் என்று ஒரு வரி போடு.

ரஞ்சி


ராபர்ட்சன்பேட்டை,
20 டிசம்பர் 2020

வீணாவுக்கு,

இதைக் காக்ஸ் டவுனில் உன் அண்ணன் வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். நீ அங்கே இருப்பதாகப் பச்சைமுத்து சொன்னார்.

வியாழக்கிழமை பஸ் பிடித்து வந்தேன். உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துத்தான் வந்தேன். கேட்டில் காவலுக்கு இருந்த பச்சைமுத்து என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வீணா மேடம் இல்லீங்களே. வித்துட்டுப் போயி ரெண்டு மாசம் ஆச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறினேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த மனிதர் முன்னால் எனக்குத் தெரியாது என்று சொல்ல அவமானமாக இருந்தது.

உன் கதவைத் தட்டினேன். திறந்தது ஒரு பெண். முகக்கவசம், கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை. நான் பக்கத்து வீட்டுக்காரி என்றதும், "ஓ, நீங்களா? உள்ளே வாங்க" என்று கன்னடத்தில் கூப்பிட்டு, பிறகு தமிழுக்கு மாறினார். நல்ல பெண். காபி கொடுத்தார். நீ பூஜைக்கு வைத்திருந்த இடத்தில் ஷூ அடுக்கியிருக்கிறார்கள்.

"உங்க வீட்டைத்தாங்க முதல்ல பார்த்தோம். எனக்கு அந்த பால்கனி ரொம்பப் பிடிச்சுது. அவங்கதான் சொன்னாங்க, பாத்ரூம் சுவர்ல தண்ணி கசியுது, லோன்லயும் ஏதோ தகராறு, பத்திரம் ஆகவே நாளாகும்னு. எங்களுக்கு அவசரம். அப்ப அவங்களே, எங்க வீட்டை எடுத்துக்கறீங்களா, ஒரே வாரத்துல முடிச்சுத் தர்றேன்னாங்க. அப்புறம்... உங்க வீட்டுக் கசிவு சரியாயிடுச்சா?"

ஆயிற்று என்றேன்.

என் கடிதங்கள் இரண்டை எடுத்து வந்து கொடுத்தார். பெயர் பார்த்துப் பிரிக்காமல் வைத்திருந்தாராம். இத்துடன் அவற்றையும் அனுப்புகிறேன். உனக்கு எழுதியவை, நீயே வைத்துக்கொள்.

இறங்கும்போது ராஜேந்திரன் சார் எதிரே வந்தார். நான் கேட்காமலே சொன்னார். "ஐம்பத்தொண்ணும்மா. உங்க ஃபிரெண்டு பண்ணின வேலை. கூட்டத்துல உங்களுக்கும் சேர்த்து ரெண்டு கையைத் தூக்கினாங்க. இப்ப வர்றவன் எல்லாம் அந்தப் பத்திரத்து நகலைப் போன்ல வெச்சுக்கிட்டுத்தான் பேசறான்."

திரும்பி வந்து சாமுவேலிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "சரி, கோதண்டராமனைக் கூப்பிடறேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

உனக்குப் பணம் வேண்டுமென்றால் என் வீட்டை முதலில் விற்றுவிட்டு உன் வீட்டை அடுத்து விற்றிருக்கலாம். இல்லை, உன் வீட்டை முதலில் விற்றுவிட்டு, ரஞ்சி, விலை இறங்கிவிட்டது, நீயும் கொடுத்துவிடு என்று ஒரு வரி போட்டிருக்கலாம். தும்கூர்க்காரர்களைத் திருப்பி அனுப்ப வைத்தாயே, அதற்கு என்ன பெயர்?

ரஞ்சிதம்


காக்ஸ் டவுன்,
10 ஜனவரி 2021

ரஞ்சி,

இதை நான்கு முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்டு ஆரம்பித்தால் நீ மேலே படிக்க மாட்டாய் என்று தெரியும். ஆகவே நடந்ததைச் சொல்கிறேன்.

உமேஷுக்கு வேலை போனது ஜூன் முதல் வாரத்தில். சாமுவேலுக்கு முன்பே. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது வேலைக்கு அல்ல, அதிதி பார்க்கக் கூடாது என்பதற்காக. சட்டை மாட்டிக்கொண்டு, அணைந்த லேப்டாப்பின் முன்னால். நீ வேனில் ஏறிய அன்று கீழே நின்று கையசைத்தோமே, அவர் மேலே வந்ததும் கட்டிலில் விழுந்து அழுதார். உன்னிடம் சொல்லவேண்டும் என்றுதான் இருந்தேன். நீ ஏற்கெனவே உடைந்து போயிருந்தாய். பிறகு சொல்ல வாய் வரவில்லை.

ஜூலையில் பொறு என்று எழுதியது மனதறிய உண்மை. ஆகஸ்டிலும் நம்பினேன். செப்டம்பரில் எங்கள் அலுவலகத்தில் ஆள் குறைக்கிறார்கள் என்று தெரிந்தது. கடன் வசூலிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறவளின் சொந்தத் தவணை நின்றால் முதலில் போவது என் நாற்காலிதான். அந்த வாரத்தில்தான் டாக்டர் தம்பதி வந்தார்கள். உன் பால்கனியில் நின்றுகொண்டு அந்தம்மா சிரித்தார். இந்தப் பக்கம் இப்போதைக்கு ஒரு வீடுதான் விற்கும், இரண்டாவதுக்கு ஆள் கிடையாது என்று எனக்குத் தெரியும். என் மேஜைக்கு வருகிற ஃபைல்களைப் பார்த்தவள் நான். வாய் தானாகப் பேசியது. கசிவு முழுப் பொய்யும் இல்லை. ஒரு மழைக்காலத்தில் நீயே வாளி வைத்தாய்.

மறுநாள் உனக்குக் கடிதம் எழுதினேன். அதற்கு மன்னிப்பே கிடையாது, எனக்குத் தெரியும்.

ஆனால் நீயும் ஒன்றை எண்ணிப் பார். உன் கடிதங்களைத் திரும்ப எடுத்துப் படித்தேன். நீ திருப்பி அனுப்பியவற்றையும் சேர்த்து. உன் வீடு, உன் தவணை, உன் மாமியார், உன் ரேட்டு. கடைசியில் நான் பதில் போடாதபோதுதான் எனக்கு உடம்பு எப்படி என்று கேட்டாய். உமேஷ் எப்படி இருக்கிறார் என்று ஒரு முறை, ஒரே ஒரு முறை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். நான் உனக்கு நிலவரம் எழுதுகிற ஆளாகிவிட்டேன்.

இங்கே அண்ணி எங்களுக்குப் பின்கட்டைக் கொடுத்திருக்கிறாள். வேலை இன்னும் இருக்கிறது. உமேஷ் நாள் முழுக்கத் தூங்குகிறார்.

உன் பழைய சர்ச் இரண்டு தெரு தள்ளித்தான். ஞாயிறு காலை ஆராதனை மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரு ஞாயிறு வா. வெளியே நிற்கிறேன். அடிக்கவேண்டும் என்றாலும் வந்து அடி.

வீணா


ராபர்ட்சன்பேட்டை,
21 பிப்ரவரி 2021

வீணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உமேஷைப் பற்றி நான் கேட்கவில்லை என்பது உண்மை. சாமுவேலிடம் படித்துக் காட்டினேன். "பாவம், அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானாவது கூடப் போயி உட்கார்ந்திருப்பேன்" என்றார். அதை அவரிடம் சொல்.

வீடு போய்விட்டது. நாற்பத்தெட்டு. கோதண்டராமன் பிடித்துக் கொடுத்த ஆள். பேச உட்கார்ந்ததும் உன் பத்திரத்தைப் போனில் எடுத்து மேஜைமேல் வைத்தார். அதிலும் மூன்று குறைத்துக் கேட்டார், ஒப்புக்கொண்டோம். வங்கிக்குக் கட்டியது போக, பாப்பாவுக்கு ஒரு போன் வாங்கினோம். மிச்சமிருப்பது சொல்லும்படி இல்லை. மாமியார் அன்று இரவு கட்டிலை எனக்கு விட்டுவிட்டு, பாயை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். அதுவும் தாங்கவில்லை.

பத்திரம் புதன்கிழமை என்று முடிவான பிறகு, திங்கட்கிழமை எனக்கு ஒரு போன் வந்தது. பி பிளாக் நிருபமா. உனக்குத் தெரியும், நாலாவது மாடி, தனியாக அம்மாவை வைத்துப் பார்த்துக்கொள்கிறவள். அம்மாவுக்கு அறுவை சிகிச்சையாம். வீட்டை விற்கவேண்டும். ஒருவர் வந்து பார்த்துவிட்டு நாற்பத்தேழு கேட்டிருக்கிறார். பெயரைக் கேட்டேன், எங்கள் வீட்டை வாங்கப் போகிறவரேதான் அவர். எங்களிடம் கையெழுத்துப் போடும்முன் இன்னொரு இடத்திலும் கேட்டுப் பார்த்திருக்கிறார். அவள் அதற்குத் தலையாட்டியிருந்தால் அவர் அங்கே போயிருப்பார்.

"நீங்க விக்கப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன்கா. உங்களுக்கு மார்க்கெட் தெரியும். இப்பக் குடுத்துடட்டா, இருக்கட்டா?"

நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். யாரும் பக்கத்தில் இல்லை. இந்த வீட்டில் எனக்கு முதல் முறையாகத் தனியாகப் பேச இடம் கிடைத்தது.

"அவசரப்படாத நிருபமா. ஏப்ரலுக்கு மேல ஏறும்னு பேசிக்கறாங்க. கொஞ்சம் பொறு" என்றேன்.

"தேங்க்ஸ்கா. கேட்டதும் ஒரு தெம்பு வந்துச்சு" என்றாள்.

புதன்கிழமை பத்திரம் முடிந்தது. வியாழன், வெள்ளி, சனி போயிற்று. நான் அவளைத் திரும்ப அழைக்கவில்லை. இனி அழைத்து என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

ஆகவே உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. மன்னிக்க மனமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் நிற்காதே, நான் வரமாட்டேன். கடிதமும் போடாதே. போட்டால் பிரித்துப் படித்துவிடுவேன், பதிலும் எழுதிவிடுவேன். அது வேண்டாம்.

ரஞ்சிதம்